கடைசிப் பந்தியை எழுதியது யார்?

தேத்தண்ணி ஊற்றுவதற்கு ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103 என்று பெயர். நூறு மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள். தண்ணீர் அப்போதுதான் கொதித்ததாக இருக்கவேண்டும். மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் 6 நிமிடம் ஊறவிட்டு, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வடிக்கவேண்டும். பால் சேர்ப்பதென்றால் எவ்வளவு, முன்னாலா பின்னாலா என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1980இல் வந்த நியமம் இது, 2019இல் திருத்தினார்கள். இதன் பிரித்தானியப் பதிப்புக்கு 1999இல் இலக்கியத்துக்கான ‘இக் நோபல்’ கேலிப் பரிசு கிடைத்தது. ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆறு பக்கம் எழுதியதற்காக.

இறக்குவானைப் பக்கத்து லயத்தில் இப்படி ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக் குடிக்க ஆள் இருக்காது. ஆறு நிமிடம் ஊறிய சாயம் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்த நியமம் குடிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. கொழும்பில் ஒருவர் சுவைப்பதையும் துபாயில் ஒருவர் சுவைப்பதையும் ஒப்பிட எழுதியது. இருவரும் தங்கள் பழக்கப்படி ஊற்றினால், வித்தியாசம் தூளில் இருக்கிறதா கெண்டியில் இருக்கிறதா என்று யாராலும் சொல்லமுடியாது. ஊற்றும் முறையை ஒன்றாக்கிவிட்டால், மிச்சமிருக்கும் வித்தியாசம் தூளுடையது. அப்புறம் தாராளமாகச் சண்டை போடலாம்.

வணிகச் சண்டையைத் தீர்க்கும் ஏற்பாடுகளில் வல்லுநர் குழுக்களின் வேலை பெரும்பாலும் இதுதான். தீர்ப்பை அவர்கள் சொல்வதில்லை. தீர்ப்பு எந்தக் கோப்பையில், எத்தனை நிமிடத்தில் வடிக்கப்பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர். கொழும்பில் தேயிலை ஏற்றுமதிக் கம்பனியொன்றில் கப்பல் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை. ஊருக்கு வந்திருந்தபோது கேட்டார்: “அண்ணே, ஒவ்வொரு ஒப்பந்தத்திலயும் கடைசிப் பந்தியில பிணக்கு வந்தா நடுவர் தீர்ப்பு, இன்ன ஊர்ல, இன்ன விதிப்படின்னு போட்டிருக்கு. நாங்க யாரும் அத வாசிக்கிறதே இல்ல. பழைய ஒப்பந்தத்தில இருந்து அப்படியே எடுத்து ஒட்டுறோம். அத முதல்ல யாருண்ணே எழுதினது?”

அந்தப் பந்திக்கு உலகச் சட்டத்தரணிகள் மத்தியில் ‘நள்ளிரவு வாசகம்’ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. விலை, அளவு, கப்பல், பணம் எல்லாம் பேசி முடித்துக் களைத்துப்போன நேரத்தில், எதையாவது போட்டு முடி என்று சேர்ப்பது. தம்பியின் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லமுடியாது. இன்னொரு கோப்பை வரவழைக்கத்தான் வேண்டும்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பலாங்கொடைப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றின் தேயிலை கொழும்பு ஏலத்தில் போகிறது. ஏற்றுமதிக் கம்பனி அதை வாங்கி, கலந்து, பொதி செய்து, மத்திய கிழக்குத் துறைமுகமொன்றுக்கு ஒரு கொள்கலன் அனுப்புகிறது. அங்கே வாங்கியவர் பொதியைத் திறந்து பார்த்துவிட்டு, எனக்குக் காட்டிய மாதிரி வேறு, வந்த சரக்கு வேறு என்கிறார். பணத்தில் பாதியை நிறுத்திவிடுகிறார். அவருடைய நாட்டு நீதிமன்றத்துக்குப் போனால் மொழி தெரியாது, சட்டம் தெரியாது, எத்தனை வருடம் இழுக்கும் என்பதும் தெரியாது. கொழும்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினால், அந்தத் தாளை அங்கே கொண்டுபோய்ப் பணமாக்குவது பெரும்பாடு. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நடுவர், இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகும் ஒரு தீர்ப்பு. கடைசிப் பந்தி தருவதாகச் சொல்வது இதைத்தான்.

அந்த நடுவர் முறையை முதலில் கட்டியவர்கள் சட்டத்தரணிகள் அல்ல, வியாபாரிகள். இலங்கை வர்த்தக சம்மேளனம் 1839இல் தொடங்கியது. அதன் அரவணைப்பில் 1883 ஜூலை 30 அன்று கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. கொழும்புத் தேயிலை வணிகர் சங்கம் 1894இல் உருவானது. மாதிரி எப்போது கொடுக்கவேண்டும், பணம் எந்த நாளுக்குள் வரவேண்டும், சரக்கு பிழைத்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் தொழிலுக்குள் இருப்பவர்களே எழுதிக்கொண்டார்கள். லண்டனில் தானிய வியாபாரிகள் 1878இலேயே இதற்கென ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் இன்றைய வாரிசு, 1971இல் உருவான காஃப்டா. தானியமும் பருப்பும் தீவனமும் உலகம் முழுக்க அதன் அச்சிட்ட ஒப்பந்தங்களில்தான் பெருமளவு கைமாறுகின்றன. அதன் நடுவர்களில் பெரும்பாலோர் அதே சரக்கை வாங்கி விற்றுத் தலை நரைத்தவர்கள். தோட்டத்துக் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் மைசூர்ப் பருப்பு எங்கிருந்தோ கப்பலேறி வந்தது. வந்த வழியில் சண்டை மூண்டிருந்தால் அதை இப்படிப்பட்ட ஒருவர் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துத் தீர்த்திருக்கக்கூடும்.

கேகாலைப் பக்கம் போனால் இறப்பர். அங்கேயும் இதே கதை. புகையூட்டிய தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி உண்டா, தூசி உண்டா, பூஞ்சணம் பிடித்ததா என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள் அல்லவா? அந்தத் தரங்களின் வருணனை ‘பச்சைப் புத்தகம்’ என்று தொழிலில் அழைக்கப்படும் ஒரு சர்வதேசக் கையேட்டில் இருக்கிறது. எட்டியாந்தோட்டையில் பால் வெட்டுபவர் அந்தப் புத்தகத்தைக் கண்டிருக்கமாட்டார். அவருடைய தாளுக்கு என்ன விலை என்பதை அது சொல்லிவிடுகிறது.

சரி, நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தோற்றவர் பணம் தர மறுத்தால்? இங்கேதான் இரண்டாவது வகை வல்லுநர்கள் வருகிறார்கள். பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1923இல் தன் நடுவர் மன்றத்தைத் தொடங்கியது. அந்தக் காலத்து ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒரு தீர்ப்பை வேற்று நாட்டில் நிறைவேற்றுவதென்றால், முதலில் தீர்ப்புச் சொன்ன நாட்டில் அதை முடிந்த முடிவென்று நிரூபிக்கவேண்டும். பிறகு பணம் இருக்கும் நாட்டில் இன்னொரு தடவை நீதிமன்றப் படி ஏறவேண்டும். வியாபாரிகளுக்கு இது தலைவலி. சம்மேளனம் 1953இல் ஒரு புதிய வரைவை எழுதி ஐக்கிய நாடுகள் சபையிடம் நீட்டியது. அரசுகள் அதைத் தங்களுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டின. கடைசியில் 1958இல் நியூயோர்க்கில் மாநாடு கூடியது. அங்கே பீற்றர் சாண்டர்ஸ் என்ற நெதர்லாந்துச் சட்ட வல்லுநர் முன்வைத்த திருத்தம்தான் ஒப்பந்தத்தின் முதுகெலும்பானது. வேற்று நாட்டுத் தீர்ப்பை நீதிமன்றம் ஏற்கவேண்டும். மறுப்பதென்றால் பட்டியலிட்ட சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். அந்தக் காரணம் இருக்கிறது என்று காட்டவேண்டியவர் தோற்றவர். மொத்தம் 16 உறுப்புரைகள். இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இலங்கை அதே 1958 டிசம்பரில் கையெழுத்திட்டு 1962இல் உறுதி செய்தது.

மூன்றாவது வகை, மாதிரி எழுதுபவர்கள். ஐ.நா. பொதுச்சபை 1966இல் சர்வதேச வணிகச் சட்ட ஆணைக்குழுவை உண்டாக்கியது. சுருக்கமாக அன்சிட்ரல். அது 1976இல் நடுவர் விதிகளை வெளியிட்டது. அதிலும் சாண்டர்ஸின் கை இருந்தது. 1985இல் நடுவர் தீர்ப்புக்கான மாதிரிச் சட்டம் வந்தது. மாதிரிச் சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது. பிடித்த நாடு எடுத்துக்கொள்ளலாம், பிடித்தபடி திருத்தலாம். இலங்கை எடுத்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுவர் தீர்ப்புச் சட்டம் அதைத் தழுவியது. அதற்கு முன் நம்மிடம் இருந்தது 1866ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867இல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு வயது மூத்த சட்டம், கோப்பிக் காலத்துச் சட்டம், 1995 வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறது.

“அப்போ நம்ம பாராளுமன்றம் ஐ.நா. எழுதினதப் பார்த்து எழுதிடுச்சா?” என்றார் தம்பி. கிட்டத்தட்ட அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டு வாங்குபவருக்கு நம் சட்டம் தெரிந்த முகமாக இருக்கவேண்டும். அடுத்த ஆண்டு இந்தியாவும் அதே மாதிரியைத்தான் எடுத்தது. ஆனால் பார்த்து எழுதும்போது, முதலில் எழுதிய அறையில் யார் இருந்தார்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. அன்சிட்ரல் 29 உறுப்பு நாடுகளுடன் தொடங்கி இப்போது 70க்கு வந்திருக்கிறது. அதன் பணிக்குழுக்கள் நியூயோர்க்கிலும் வியன்னாவிலும் மாறி மாறிக் கூடும். பொதுவாக வாக்கெடுப்பு இல்லை, பேசிப் பேசி ஒத்துப்போவதுதான் வழக்கம். நாடுகளோடு பார்வையாளர் ஆசனத்தில் வர்த்தக சம்மேளனம், சட்டத்தரணிகளின் சர்வதேசச் சங்கம், 1915இல் லண்டனில் தோன்றிய நடுவர்களின் பட்டயக் கழகம் போன்றவையும் இருக்கும். வாக்கில்லை, வாய் உண்டு. ஒத்துப்போகும் அறையில் வாய்தான் பலம். அந்தத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் எழுந்து, இந்த வாக்கியம் நடைமுறையில் நிற்காது என்றால் எல்லோரும் பேனாவை எடுப்பார்கள். ஒரு சிறிய நாடு அனுப்பிய ஒற்றை அதிகாரி அதே நாளில் இன்னும் நான்கு கூட்டத்துக்குப் போகவேண்டியவராக இருப்பார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க ஒரே வார்த்தை போதும்: தராசு. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். நிறுப்பவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். கழிவு எவ்வளவு என்பதைத் தீர்மானித்த நாளில் கொழுந்து பறித்த பெண் அங்கே இல்லை.

இனி அந்தக் கொள்கலனுக்குத் திரும்புவோம். நடுவர் மன்றம் கூடிவிட்டது. சரக்கு மாதிரிப்படி இருந்ததா? நடுவருக்குத் தேயிலை தெரியாவிட்டால் சுவைஞர் வேண்டும். விற்றவர் ஒரு சுவைஞரைக் கொண்டுவருவார், வாங்கியவர் இன்னொருவரை. இருவரும் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கரண்டியால் எடுத்து, காற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார்கள். ஒருவர் ‘சாயம் மங்கல்’ என்பார். மற்றவர் ‘நல்ல செறிவு’ என்பார். இருவரும் முப்பது வருடம் இதையே செய்தவர்கள். யாரை நம்புவது?

இதற்கும் எழுதிய விதி உண்டு. சட்டத்தரணிகளின் சர்வதேசச் சங்கம் சாட்சியம் எடுப்பதற்கான விதிகளை 1999இல் வெளியிட்டு, 2010இலும் 2020இலும் திருத்தியது. கட்சிக்காரர் கொண்டுவரும் நிபுணர், தன்னை அழைத்தவரோடு தனக்கு என்ன தொடர்பு என்று எழுத்தில் சொல்லவேண்டும். எதை வைத்து முடிவுக்கு வந்தார் என்று காட்டவேண்டும். நடுவர் மன்றம் இரண்டு நிபுணர்களையும் தனியே உட்காரச் சொல்லி, எதில் ஒத்துப்போகிறீர்கள், எதில் இல்லை, ஏன் இல்லை என்று எழுதிவரச் சொல்லலாம். வேண்டுமானால் மன்றமே தனக்கென ஒரு நிபுணரை நியமிக்கலாம். இந்த விதிகள் எந்த நாட்டின் சட்டமும் இல்லை. ஆனால் நடுவர் மன்றங்களின் முதல் கட்டளையில், மேற்படி விதிகள் எமக்கு வழிகாட்டும் என்ற வாக்கியம் வழக்கமாக வந்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு குழு எழுதிய தாள் அந்த வழக்குக்குச் சட்டம்.

இதே சங்கம் நடுவர்களின் பக்கச்சார்பு பற்றியும் வழிகாட்டி எழுதியிருக்கிறது. 2004இல் முதலில், 2024இல் கடைசியாக. நடுவருக்குக் கட்சிக்காரரோடு உள்ள உறவுகளைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே ஆளை ஒரே தரப்பு திரும்பத் திரும்ப நடுவராக நியமித்தால் அது செம்மஞ்சள், வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும். காகிதத்தில் நல்ல விதி. தேயிலைக்குள் வந்தால் சிக்கல். கொழும்பில் தேயிலைத் தரகுக் கம்பனிகளைக் கைவிரலால் எண்ணிவிடலாம். நல்ல சுவைஞர்கள் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் வேலை பழகியவர்கள், எதிரெதிராக ஏலம் கேட்டவர்கள், ஒரே கல்யாண வீட்டில் பந்தியில் அமர்பவர்கள். உறவே இல்லாதவர்தான் நடுவர் என்றால் தேயிலை தெரியாதவர்தான் கிடைப்பார். சரக்கு வணிகம், கப்பல், விளையாட்டு போன்ற துறைகளில் நடுவர்கள் சிறிய வட்டத்திலிருந்தே வருவார்கள் என்பதை அந்த வழிகாட்டியே அடிக்குறிப்பில் ஒத்துக்கொண்டது.

அந்த அடிக்குறிப்பின் கனம் 2020 நவம்பரில் தெரிந்தது. ஹாலிபேர்ட்டன் என்ற அமெரிக்கக் கம்பனிக்கும் சப் என்ற காப்புறுதிக் கம்பனிக்கும் இடையிலான வழக்கு பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றத்துக்குப் போனது. மெக்சிக்கோ வளைகுடா எண்ணெய்க் கசிவை ஒட்டிய காப்புறுதிப் பிணக்கு அது. ஒரே சம்பவம் தொடர்பான வேறு வழக்குகளிலும் நியமனம் ஏற்ற நடுவர் அதைச் சொல்லாமல் விட்டது சரியா என்பது கேள்வி. வழக்கில் சம்பந்தமே இல்லாத ஐந்து அமைப்புகள் உள்ளே வந்து தங்கள் நிலைப்பாட்டைச் சொன்னன: பாரிஸ் வர்த்தக சம்மேளனம், லண்டன் சர்வதேச நடுவர் மன்றம், நடுவர்களின் பட்டயக் கழகம், லண்டன் கப்பல் நடுவர் சங்கம், நம் பருப்புக்காரர்களான காஃப்டா. பொது அமைப்புகள் சொல்லவேண்டும் என்ற பக்கம் சாய, கப்பல்காரர்களும் காஃப்டாவும் எங்கள் தொழிலில் இது சகஜம், எல்லோருக்கும் தெரிந்ததே என்றார்கள். நீதிமன்றம் பொதுவாக வெளிப்படுத்தும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே மூச்சில், இந்தத் தொழில்களின் வழக்கம் வேறாக இருக்கலாம் என்று வாசலையும் திறந்துவைத்தது. வல்லுநர் அமைப்புகள் சட்டத்தை வடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த வழக்கைத்தான். விதியை எழுதியவர்களும் அவர்கள், விதிக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றத்தில் நின்றவர்களும் அவர்கள்.

இப்போது நம் ஊருக்கு உரிய விஷயம். இரத்தினபுரி, கேகாலைத் தேயிலை கீழ்நாட்டுத் தேயிலை. நுவரெலியாத் தூளுக்கு வாசம் பெயர் வாங்கித் தருகிறது என்றால், நம் தூளுக்குப் பெயர் வாங்கித் தருவது தோற்றம். கறுகறுவென்று, கம்பிபோல முறுக்கிய இலை, இடையிடையே பொன் நிறத்து மொட்டு நுனி. ஈராக்கிலும் துருக்கியிலும் வாங்குபவர் முதலில் கையில் அள்ளிப் பார்ப்பது இதைத்தான். நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேல் இந்தக் கீழ்நாட்டு வகை, அதில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து. ஆனால் ஐஎஸ்ஓ 3103 சாயத்துக்கு எழுதியது. கறுப்புத் தேயிலையின் அடிப்படைத் தகுதியைச் சொல்லும் ஐஎஸ்ஓ 3720, நீரில் கரையும் சாரம் 32 வீதத்துக்குக் குறையக்கூடாது, சாம்பல் இத்தனைக்குள் இருக்கவேண்டும் என்று ஆய்வுகூடக் கணக்குத் தருகிறது. முறுக்கின் அழகுக்கு அதில் எண் இல்லை. ஆகவே நம் கொள்கலன் வழக்கில் வாங்கியவர், இலை உடைந்து தூசாகி வந்திருக்கிறது என்று சொன்னால், இரண்டு நியமங்களையும் நிறைவேற்றிய சரக்கு வழக்கில் தோற்கலாம். மறுபுறம், ஒப்பந்தத்தில் ‘ஐஎஸ்ஓ தரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வேண்டுமென்றே மட்டமான இலையை அனுப்பியவர் தப்பிவிடலாம். எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் மேசையில் இருந்தது கிண்ணம். நம் விலை இருப்பது தட்டில்.

விலை விழுந்தால் அது யார் தலையில் விழும் என்பதும் தெரிந்ததுதான். ஏல விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பது நீண்டகாலச் சூத்திரம். வாங்குபவர் ஒருவர் முறைப்பாடு செய்து பின்வாங்கினால், கஹவத்தையில் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் அடுத்த மாதக் காசில் அது தெரியும். நடுவர் மன்றத்தில் அவருக்கு ஆசனம் கிடையாது, ஒப்பந்தத்தில் அவர் பெயரே இல்லை.

ஒரே சண்டை, மன்றம் மாறினால் முடிவும் மாறுமா? மாறும், இலங்கைக்கு அந்த அனுபவம் உண்டு. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2007, 2008இல் எண்ணெய் விலையேற்றத்துக்கு எதிராக வங்கிகளுடன் காப்பு ஒப்பந்தங்கள் போட்டது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்ட எண்ணெய், அதே ஆண்டு டிசம்பரில் 40க்குக் கீழே விழுந்தது. கூட்டுத்தாபனம் வங்கிகளுக்குப் பெருந்தொகை கட்டவேண்டி வந்தது. பணம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் லண்டன் மேல் நீதிமன்றத்துக்குப் போய் 2011இல் வென்றது. சிட்டி பாங்க் லண்டன் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் அதே ஆண்டு தோற்றது. டொய்ச்சே பாங்க், ஜேர்மனிக்கும் இலங்கைக்கும் இடையிலான முதலீட்டு உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு, உலக வங்கியோடு சேர்ந்த முதலீட்டுப் பிணக்கு மையத்துக்குப் போய் 2012இல் 6 கோடி டொலருக்கும் மேல் வென்றது. மழை ஒன்று, குடை மூன்று. எந்த வாசல் என்பது அவரவர் கையிலிருந்த தாளைப் பொறுத்து இருந்தது.

அந்த மையத்தின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு முதலிடமும் உண்டு, பெருமைப்படக்கூடியதல்ல. 1987 ஜனவரி 28 அன்று மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இறால் பண்ணையில் அரசபடை நடவடிக்கை நடந்தது. பண்ணை ஊழியர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பண்ணை அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி, பிரித்தானிய–இலங்கை முதலீட்டு உடன்படிக்கையின் கீழ் 80 இலட்சம் டொலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 1990 ஜூனில் 4,60,000 டொலரும் வட்டியும் கிடைத்தன. இருநாட்டு முதலீட்டு உடன்படிக்கையை மட்டும் வைத்து அந்த மையத்தில் வந்த முதல் தீர்ப்பு அதுவென்று உலகப் பாடநூல்கள் எழுதுகின்றன. பங்குக்கு நட்டஈடு கிடைத்தது. செத்தவர்களின் வீட்டுக்காரர் அந்த மன்றத்தின் வாசலுக்கே வரமுடியாது. பங்குதாரரின் இழப்பை நிறுக்கச் செய்த தராசு அது.

எல்லாச் சண்டையும் தீர்ப்பில் முடிவதில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கே இன்னொரு கடன் இருந்தது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 25 கோடியே 10 இலட்சம் டொலர். அமெரிக்கத் தடையால் கட்டமுடியாமல் கிடந்தது. 2021 டிசம்பரில் இரு நாடுகளும் பேசி, மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று உடன்பட்டன. நடுவர் இல்லை, மன்றம் இல்லை. கடனுக்குத் தேயிலை. ஈரானுக்குப் பிடித்தது கீழ்நாட்டுத் தேயிலை என்பதால், கொழும்பு எண்ணெய்த் தொட்டியின் பழைய கணக்கு ஏதோ ஒரு வகையில் நம் பக்கத்துக் கொழுந்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது.

பேசித் தீர்த்த உடன்பாட்டுக்கு எல்லை கடந்து வலு வேண்டும் என்பதற்காக அன்சிட்ரல் இன்னொரு உடன்படிக்கை எழுதியது. 2019 ஆகஸ்ட் 7 அன்று சிங்கப்பூரில் முதல்நாளே கையெழுத்திட்ட 46 நாடுகளில் இலங்கையும் ஒன்று. உள்நாட்டில் நாம் இதில் பழையவர்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த மத்தியஸ்த சபைகளில் சட்டத்தரணி வாதாட வரமாட்டார், ஊர்ப் பெரியவர்கள் பயிற்சி பெற்று உட்காருவார்கள். நல்ல ஏற்பாடு. சபரகமுவவில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பது தோட்டத்துத் தமிழருக்கு இடைஞ்சல், அது வேறு கட்டுரைக்கு உரியது. சம்பளச் சண்டைக்கோ இவை எதுவும் இல்லை. கூட்டு ஒப்பந்தம் என்ற பேச்சுவார்த்தை முறை பல வருடம் நடந்து, உடைந்து, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா வந்தது. அந்தச் சபையில் முதலாளி தரப்பும் தொழிற்சங்கமும் அரசு நியமித்தவர்களும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். குறை ஆயிரம் சொல்லலாம். ஆனால் எந்த நாற்காலி யாருக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

தம்பி கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அப்போ நான் என்னண்ணே செய்யறது? அன்சிட்ரலுக்குப் போய்ப் பேசவா?” என்றார். வேண்டாம். இந்த வல்லுநர்கள் எழுதியதில் பெரும்பாலானவை, கட்சிக்காரர் வேறாக உடன்படாவிட்டால் என்றே தொடங்குகின்றன. நீங்கள் வெறுமையாக விட்ட இடத்தை நிரப்புவதுதான் அவற்றின் வேலை. எனவே அந்தக் கடைசிப் பந்தியில் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நாலு விஷயம் எழுதச் சொன்னேன். இருக்கை கொழும்பா சிங்கப்பூரா என்பது, ஏனென்றால் தீர்ப்பை ரத்துச் செய்யும் அதிகாரம் அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான். மொழி. நடுவர் ஒருவரா மூவரா, சிறிய கொள்கலனுக்கு மூவர் என்றால் செலவு சரக்கை விழுங்கிவிடும். நாலாவது, தரப் பிணக்கு என்றால் நடுவரோ அவர் அழைக்கும் சுவைஞரோ கீழ்நாட்டுத் தேயிலையை வாங்கி விற்றுப் பழகியவராக இருக்கவேண்டும், முத்திரையிட்ட மாதிரியோடு ஒப்பிடும்போது இலையின் தோற்றமும் கணக்கில் வரவேண்டும் என்ற ஒரு வரி.

“எங்க மெனேஜர் இவ்வளவு நீளமா எழுத விடமாட்டாருண்ணே” என்றார்.

முதல் மூன்றையும் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, நாலாவதை விடாதே என்றேன்.